‘அசல்’ என்பது எது? எம்.ஜி.பி. காரின் உடலும் விளக்கும்

பழம்பொருள் பேணல் பற்றிய விவாதங்களிற் கைத்தொழிற் பண்டங்கள் அரிதாகவே இடம்பெறுகின்றன. கோயிற் சுவரோவியத்தை அழித்து மீள வரைதல் தகுமா என வினவும் நாம், தொழிற்சாலையில் இலட்சக்கணக்கில் உருவான ஒரு மோட்டார் வாகனத்தைக் குறித்து அவ்வாறு வினவுவதில்லை. ஆயினும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை ‘அசல்’ நிலைக்கு மீட்டல் இன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஒரு பெரும் வணிகமாகும். அங்கு ‘அசல்’ என்பது விலையை நிர்ணயிக்குஞ் சொல். அதன் உள்ளடக்கம் யாது என்பதை எம்.ஜி.பி. என்னும் பிரித்தானியக் காரைக் கொண்டு நோக்குவோம்.

இக்கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் உற்பத்தியாயிற்று. ஏறத்தாழ 5 இலட்சம் வண்டிகள் வெளிவந்தன. பெரும்பங்கு ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றது. அபிங்டனை இதன் பிறப்பிடமென ஆர்வலர் போற்றுவர். ஆனால் உடற்தகடுகளை வடித்தவை ஸ்விண்டனில் இருந்த பிரெஸ்ட் ஸ்டீல் நிறுவனத்தின் அழுத்தப் பொறிகள். விளக்குகள் பேர்மிங்ஹாமின் லூக்காஸ் நிறுவனத்தினுடையவை. பல ஊர்த் தொழிலாளரின் உழைப்பு ஒன்றுசேர்ந்த இடமே அபிங்டன்.

இவ்வண்டிக்குத் தனியான அடிச்சட்டகம் இல்லை. தகடுகளாலான உடற்கூடே சுமையைத் தாங்குகிறது. திறந்த வண்டியில் மேற்கூரையின் துணையும் இல்லையாதலால், கதவுகளின் கீழே நீளும் பெட்டி போன்ற பகுதியே முதுகெலும்பாகின்றது. ‘சில்’ எனப்படும் அப்பகுதி வெளித்தகடு, நடுத்தகடு, அடித்தகடு எனப் பல அடுக்குகளாலானது. நீர் உட்புகுந்து அதனை உள்ளிருந்தே கறள் தின்னும். கறள் பிடித்த தகட்டின் மேல் புதுத் தகட்டைப் போர்த்தித் தீந்தை பூசி விற்ற கராஜ்கள் பல. முறையாக வேலை செய்பவர், கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டம் பொருத்திக் கூட்டின் வடிவத்தை நிலைப்படுத்திய பின்னரே வெட்டத் தொடங்குவர். ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுவர். இல்லையேல் கூடு நடுவிலே தொய்ந்துவிடும். பின்னர் கதவு வாசலுக்குப் பொருந்தாது. கண்ணுக்குத் தெரியாத இந்த உழைப்புக்குக் கண்காட்சிகளிற் கிடைக்கும் மதிப்பு சொற்பமே.

எது அசல் என்னும் வினா 1974ஆம் ஆண்டு மாற்றங்களோடு கூர்மையடைகின்றது. மணிக்கு 5 மைல் வேகத்தில் மோதினாலும் விளக்கு முதலியன பழுதுறாதவாறு காக்கும் பம்பரை அமெரிக்க சமஷ்டி விதிகள் கோரின. குரோமியம் பூசிய மெல்லிய பம்பர் நீங்கி, உருக்குச் சட்டத்தைக் கரிய பொலியூரித்தேன் போர்த்திய பருத்த பம்பர் வந்தது. ‘இறப்பர் பம்பர்’ என்பது அதற்கு வழங்கிய பெயர். விதிகள் வேண்டிய உயரத்துக்காக வண்டி முழுவதும் ஓரங்குலத்துக்கு மேல் உயர்த்தப்பட்டது. வளைவுகளில் அதன் நிதானம் கெட்டது. தலைவிளக்கின் கீழே மட்காட்டில் இருந்த திசைகாட்டி விளக்குகள் பம்பருக்குள் குடிபுகுந்தன. இங்கிலாந்தில் விற்கப்பட்ட வண்டிகளும் இவ்வுருவையே பெற்றன. ஒரு பிரித்தானியக் காரின் முகத்தை வாஷிங்டன் வரைந்தது என்பது மிகையன்று.

இன்று உரிமையாளர் பலர், 1976இல் வெளிவந்த வண்டிக்கும் 1960களின் முகத்தை அணிவிக்கின்றனர். பம்பரைக் கழற்றிப் பூட்டுவதுடன் இது முடிவதில்லை. முன் மட்காட்டை வெட்டி விளக்குகளுக்கு இருக்கை அமைக்க வேண்டும், அல்லது மட்காட்டையே மாற்ற வேண்டும். பின் மட்காட்டின் அடியில் வெறுமையாகும் இடத்துக்குத் தகடு சேர்க்க வேண்டும். வில்களை மாற்றி உயரத்தையும் குறைப்பர். வண்டி அழகு பெறலாம், ஓட்டமுஞ் சீராகலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இதனை மீட்பு என்றல் பொருந்தாது. அவ்வண்டி அந்த முகத்தை ஒருபோதும் கொண்டிருந்ததில்லை. அபிங்டனில் எம்.ஜி. காலூன்றிய 50ஆம் ஆண்டு விழா நிறைவுற்ற கையோடு, 1979 செப்ரெம்பர் 10இல், தொழிற்சாலையை மூடும் முடிவு வெளியாயிற்று. 1980 ஒக்டோபரில் இறுதி வண்டி வெளியேறியது. அந்த இறுதி ஆண்டுகளின் உழைப்பையே கரிய பம்பர் அடையாளப்படுத்துகின்றது. வெட்கத்துக்குரியதென அதனைக் கழற்றும்போது கூடவே கழற்றப்படுவது ஒரு தொழிலாளர் வரலாறு.

மறுபுறத்தில், உற்பத்தி நின்ற எட்டாண்டுகளின் பின், 1988இல், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் எஞ்சியிருந்த பழைய அழுத்த அச்சுகளைத் தேடிச் சேர்த்து எம்.ஜி.பி. உடற்கூட்டைப் புதிதாகவே செய்து விற்கத் தொடங்கிற்று. இக்கூடு அசலா, போலியா? அச்சு பழையது, தகடு புதியது. எமது நாட்டுடன் தொடர்புடைய செய்தியொன்றும் இங்கு கருதத்தக்கது. 1990களில் மொரிஸ் மைனர் காரின் உடற்தகடுகள் இலங்கையில் ஆக்கப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. ஆங்கில மரபுரிமையின் ஒரு கூறு எமது தொழிலாளரின் கைவண்ணம் என்பதை அங்கு அதை ஓட்டுவோரில் எத்தனை பேர் அறிவர்?

விளக்குகளின் சிக்கல் வேறுவகையானது. லூக்காஸின் மின்கருவிகளைப் பழித்து அந்நிறுவனத்துக்கு ‘இருளின் இளவரசன்’ எனப் பட்டஞ் சூட்டிய நகைச்சுவை பரவலானது. பழி முழுவதும் நியாயமன்று. மின்னோட்டம் உலோக உடலின் வழியே மின்கலத்துக்கு மீள்கின்றது. இணைப்புகளிற் கறளேறினால் தடை கூடி, விளக்கை அடையும் மின்னழுத்தம் குறையும். மின்னழுத்தம் 10 வீதம் குறைந்தால் இழைவிளக்கின் ஒளி ஏறத்தாழ 30 வீதம் குறைந்துவிடும். உடலுக்குப் புதுத் தீந்தை பூசியபின் விளக்கு எரியவில்லையென முறையிடுவோர் முதலிற் பார்க்க வேண்டியது, இணைப்பிடத்தில் உலோகத்தை மறைத்து நிற்கும் அத்தீந்தையையே.

விளக்கு வளையத்தின் பளபளப்புக்கும் ஒரு விலை உண்டு. செம்பு, நிக்கல், குரோமியம் எனப் படலங்கள் ஒன்றன்மேலொன்றாகப் படிவிக்கப்படுகின்றன. மரபான பூச்சுத் தொட்டியிலுள்ள அறுவலுக் குரோமியம் நுரையீரற் புற்றுநோயை விளைவிப்பது; அதன் ஆவி மூக்கின் நடுச்சுவரையும் அரிப்பது. மங்கிப் புள்ளி விழுந்த பழைய வளையத்தைத் துடைத்து அப்படியே மீளப் பொருத்துவோர் சிலர் உள்ளனர். கண்காட்சிப் போட்டிகளில் அவர்களது வண்டிகளுக்குப் புள்ளி குறைக்கப்படுகின்றது.