பன்னிரண்டு லட்சமும் இருபத்தாறாயிரமும்

ஹெப்பகோடிக்கு நாங்கள் குடிவந்த நாளில், நகரத்திலிருந்து யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் அதுவே ஒரு விசேஷம். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தபின் அந்தக் குறை நீங்கிவிட்டது. அப்படித்தான் என்னோடு ரயில்வேயில் பல ஆண்டுகள் வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஜெயநகரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார். கையில் ரெக்ஸின் பை. அதில் பாஸ் புத்தகம், பென்ஷன் சீட்டு, மியூச்சுவல் ஃபண்டு கணக்குத் தாள்கள்.

"ஏம்ப்பா, பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரியே கிடையாதுன்னு பேப்பர்ல போட்டானே. எனக்கு மொத்தமே பதினோரு லட்சம்கூட வரலை. பையன் கம்ப்யூட்டர்ல போட்டா இருபத்தாறாயிரம் கட்டுன்னு வருது. என்ன கூத்து இது?" என்றார்.

கூத்து ஒன்றும் இல்லை. கணக்கு சரிதான். ஆனால் நம்மவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால் நண்பரின் அனுமதியோடு, பெயரை மட்டும் விட்டுவிட்டு, அந்தக் கணக்கை இங்கே விரிக்கிறேன்.

முதலில் ஒரு பழைய பயம். "அடுத்த படிக்குப் போய்விட்டால் மொத்த வருமானத்துக்கும் கூடுதல் வரி" என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரயில் பாதையில் ஏற்றம் எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஓரத்தில் கிரேடியண்ட் போஸ்ட் நட்டிருப்போம். அந்த ஏற்றம் அந்தத் தூரத்துக்கு மட்டும்தான். கடந்து வந்த சமதளம் அதனால் செங்குத்தாகிவிடாது. வரிப் படியும் அப்படியே. புதிய முறையில் 2025-26 நிதியாண்டுக்கு முதல் 4 லட்சத்துக்கு ஒன்றும் இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 என்று நாலு நாலு லட்சமாக ஏறி, 24 லட்சத்துக்கு மேல் உள்ள பகுதிக்கு 30 சதவீதம். இப்படிக் கணக்கிட்ட பிறகு, வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் அந்த வரியை அப்படியே தள்ளுபடி செய்கிறார்கள். பத்திரிகைகளில் வந்த "12 லட்சம்" இதுதான்.

ஆனால் அந்தத் தள்ளுபடி எல்லா ரூபாய்க்கும் கிடையாது. 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, அதன் இடத்துக்கென 2025-இல் இயற்றப்பட்ட புதுச் சட்டமும் சரி, வருமானத்தைச் சம்பளம், வீட்டு வாடகை, தொழில், மூலதன ஆதாயம், இதர வருமானம் என்று ஐந்தாகப் பிரிக்கின்றன. ரூபாய் எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தது என்பதைப் பார்த்துத்தான் சட்டம் கை நீட்டுகிறது.

நண்பரின் கணக்குக்கு வருவோம். பென்ஷன் ஆண்டுக்கு 5,40,000. பென்ஷன் சம்பளத்தின் கீழ் வரும். அதில் 75,000 நிலையான கழிவு போக 4,65,000. (ஓய்வின்போது வாங்கிய கம்யூட்டேஷன், கிராஜுவிட்டி இரண்டுக்கும் அரசு ஊழியருக்கு வரி கிடையாது. மாதப் பென்ஷனுக்கு உண்டு. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.) ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி 2,10,000, கழிவு எதுவும் இல்லை. மாடி வாடகை ஆண்டுக்கு 1,20,000. கட்டிய சொத்து வரி 5,000-ஐக் கழித்து, மிச்சத்தில் பழுதுபார்ப்புக்கென்று சட்டமே தரும் 30 சதவீதத்தையும் கழித்தால் 80,500. ஆகக் கூட்டல் 7,55,500. இதற்குப் படிக்கணக்கில் வரி 17,775; தள்ளுபடியில் அது பூஜ்யம்.

இதுவரை நண்பர் சொன்னது சரி. அடுத்து வந்ததுதான் வினை. பேத்தி கல்யாணத்துக்காக மார்ச்சில் பங்கு ஃபண்டு யூனிட்டுகளை விற்றிருக்கிறார். பல வருடம் வைத்திருந்தது. லாபம் 3,25,000. விற்றுக் கொடுத்த ஏஜெண்ட், "பன்னிரண்டு லட்சத்துக்குள்ளேதானே சார், கவலையே வேண்டாம்" என்றாராம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு லாபத்துக்குத் தனி விகிதம்: ஆண்டுக்கு 1,25,000 வரை விலக்கு, மேலே உள்ளதற்கு 12.5 சதவீதம். 12 லட்சத் தள்ளுபடி இதைத் தொடாது. 2 லட்சத்துக்கு 25,000, அதன்மேல் 4 சதவீத செஸ் 1,000. மொத்தம் 26,000.

அதே 3,25,000 வங்கி வட்டியாக வந்திருந்தால்? மொத்தம் 10,80,500. தள்ளுபடிக்குள் அடங்கி, ஒரு பைசா வரி இராது. கேரளா லாட்டரியில் விழுந்திருந்தால்? நேராக 30 சதவீதம். விலக்கும் கிடையாது, டிக்கெட் வாங்கிய செலவும் கழியாது. செஸ்ஸோடு 1,01,400 போயிருக்கும். தொகை ஒன்றுதான், வரி மூன்று விதம்.

நண்பரை நான் குறை சொல்லமாட்டேன். 2004 அக்டோபரிலிருந்து 2018 மார்ச் வரை, பங்குச் சந்தையில் நீண்டகால லாபத்துக்கு வரியே கிடையாது. அந்தக் காலத்தில் சேமிக்கத் தொடங்கியவர் அவர். 2018-இல் 10 சதவீதமாகத் திரும்பி வந்தது. 2024 ஜூலை 23 முதல் 12.5 ஆனது. ஓராண்டுக்குள் விற்றால் அதே நாளிலிருந்து 20 சதவீதம். இந்த ஆதாய வரிக்கே போவதும் வருவதும் பழக்கம்: 1947-இல் வந்து, 1949-இல் போய், டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த 1956-இல் மறுபடி வந்தது.

எனக்கு வருத்தம் வேறு விஷயத்தில். 1,25,000 விலக்கு ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனித்தனி. கல்யாணமோ மே மாதம். பாதி யூனிட்டை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் விற்று, லாபமும் பாதிப் பாதியாகப் பிரிந்திருந்தால், இரண்டு விலக்கு கிடைத்து, இதே விகிதத்தில் வரி 9,750-ஓடு நின்றிருக்கும். ஒரு மாதப் பொறுமைக்கு 16,250 ரூபாய்!

ஊரில் பூர்வீக வீட்டை விற்க நினைக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பா காலத்துச் சொத்தானால் அவர் வைத்திருந்த காலமும் சேரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதென்றால் அன்றைய சந்தை மதிப்பை, அரசு வழிகாட்டி மதிப்புக்கு மேற்படாமல், அடக்கவிலையாக எடுக்கலாம். 2024 ஜூலை 23-க்கு முன்பே கைக்கு வந்த நிலம், வீடு என்றால், 12.5 சதவீதம் அல்லது விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதம், எது குறைவோ அது. இரண்டையும் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

குடும்பப் பென்ஷன் வாங்கும் சகோதரிகள் கவனிக்க: அது இதர வருமானம். 75,000 கழிவு அதற்கு இல்லை. மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அதுவே.

நண்பருக்கு ஓர் ஆச்சரியம் மிச்சமிருந்தது. "வரி உண்டுன்னா அவனே பிடிச்சிருப்பானே?" என்றார். வங்கிக்கு 15எச் படிவம் கொடுத்திருந்ததால் அவர்கள் வட்டியில் பிடிக்கவில்லை. ஃபண்டு நிறுவனமோ, இந்தியாவில் வசிப்பவருக்கு யூனிட் விற்றுத் தரும்போது பிடிப்பதே இல்லை. ஆனால் அத்தனை விவரமும் வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் அவர் பெயரில் ஏறியிருந்தது. என் பேரன் திறந்து காட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

கல்யாணத்துக்கு எல்லாவற்றையும் கொடுத்தாகிவிட்டது. பையனிடம் கேட்கக் கூச்சம்; ஒரு டெபாசிட்டை முறிக்கப் போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். தொழில் வருமானம் இல்லாத அறுபது கடந்தவருக்கு முன்கூட்டிக் கட்டும் வரி கிடையாது. கெடு நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்யும்போது கட்டினால் வட்டியும் இல்லை. அதற்குள் பென்ஷனில் மாதாமாதம் எடுத்து வைத்துவிடலாம். ஆதாயம் 1,25,000-ஐத் தாண்டியதால் அவருக்குப் படிவம் ஒன்று ஆகாது, இரண்டுதான் என்று ஒரு துண்டுத் தாளில் எழ்திக் கொடுத்தேன். காப்பியைக் குடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மெட்ரோவுக்குக் கிளம்பினார்.