முதல் நட்சத்திரங்கள் விட்டுச்சென்ற தடயம்

ரத்தத்தில் ஓடும் இரும்பும் எலும்பிலுள்ள கால்சியமும் பிரபஞ்சம் பிறந்தபோது இல்லை. பெருவெடிப்பு தந்தது ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம் மட்டுமே. மற்றவற்றைச் சமைக்கத் தொடங்கியவை முதல் தலைமுறை நட்சத்திரங்கள். சூரியனைவிடப் பல பத்து மடங்கு, சில நூறு மடங்கு நிறை கொண்டிருந்ததாகக் கருதப்படும் அவை வெகு சீக்கிரமே வெடித்துச் சிதறின. அவற்றில் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்பது வானியலாளர்களின் நெடுநாள் ஏக்கம்.

நட்சத்திரம் சிக்காவிட்டாலும் தடயம் சிக்கியது. சிலியிலுள்ள 'வெரி லார்ஜ் டெலஸ்கோப்' மூலம் மூன்று தொலைதூர வாயு மேகங்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள், 2023இல் முடிவுகளை வெளியிட்டனர். பிரபஞ்சத்தின் வயது இன்றைய 1,380 கோடி ஆண்டுகளில் 10 முதல் 15 சதவீதமே ஆகியிருந்த காலத்து மேகங்கள் அவை.

இருண்ட மேகத்தை எப்படி ஆராய்வது? அதற்குப் பின்னால் வெகு தொலைவில் ஜொலிக்கும் குவாசர்தான் விளக்கு. அதன் ஒளி மேகத்தைக் கடக்கும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளங்களை விழுங்கிவிடும். நிறமாலையில் விழும் கறுப்புக் கோடுகள் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அந்த மேகங்களில் இரும்பு மிகக் குறைவு. ஒப்பிட்டால் கார்பன், ஆக்ஸிஜன், மெக்னீசியம் அதிகம். துப்பு இதில்தான் இருக்கிறது. நட்சத்திரத்தின் மையத்தில் இருப்பது இரும்பு. கார்பன் இருப்பது வெளி அடுக்குகளில். வெடிப்பு பலவீனமாக இருந்தால் வெளி அடுக்குகள் மட்டுமே சிதறும். இரும்பு உள்ளேயே சிறைப்பட்டுவிடும். முதல் நட்சத்திரங்கள் சில இப்படி மடிந்திருக்கும் என்ற கணிப்போடு இது பொருந்துகிறது.

நமது பால்வீதியின் மிகப் பழைய நட்சத்திரங்கள் சிலவற்றிலும் இதே விகிதம் உண்டு. சிலியில் கட்டப்பட்டுவரும் 39 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கினால், இன்னும் பல மேகங்களை நுணுக்கமாக ஆராய முடியும்.