செப்புத் தகட்டில் புயல்

ஹாலந்து நாட்டிற்குப் பெருஞ்செல்வம் கடல்வழியே வந்தது. பெருந்துயரமும் அவ்வழியே வந்தது. 1593-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், டெக்சல் தீவினருகே நங்கூரமிட்டு நின்ற வணிகக் கப்பல்களைப் புயல் தாக்கியது. ஏறத்தாழ நாற்பது கலங்கள் மூழ்கின. அதனால் பொருளிழந்த ரூமர் விசர் என்னும் வணிகர், அடுத்த ஆண்டில் பிறந்த தம் மகளின் பெயரோடு ‘டெசல்ஸ்காடெ’ என்பதையும் சேர்த்தார். ‘டெக்சலில் நேர்ந்த இழப்பு’ என்பது அதன் பொருள். குழந்தைக்கு இப்படியும் ஒரு பெயர்! அம்மகளே பின்னாளில் புகழ்பெற்ற கவிஞராக விளங்கினார்.

இத்தகைய மக்கள் கடற்புயலைப் படத்திலும் காண விழைந்ததில் வியப்பில்லை. 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஓங்கியிருந்த கலையைப் பரோக் கலை என்பர். ஒளியும் இருளும் மோதுவதையும், பொருள்கள் விரைந்து இயங்குவதையும் காட்டுவது அதன் இயல்பு. அதற்குப் புயலினும் ஏற்ற பொருள் ஏது? வண்ண ஓவியம் ஒரு சுவரிலேதான் தொங்கும். அச்சுப் படமோ ஒரே தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் எடுக்கப்பட்டுப் பல இல்லங்களை அடைந்தது.

ஆனால், நிறமின்றிக் கரிய கோடுகளால் மட்டும் புயலைக் காட்டுவது எவ்வாறு? கலைஞர் செப்புத் தகட்டின்மீது மெழுகும் பிசினும் கலந்து பூசுவார். அதில் ஊசியால் கீறி வரைவார். பின்னர்த் தகட்டைத் திராவகத்தில் இடுவார். ஊசி கீறிய இடத்தை மட்டும் திராவகம் அரிக்கும். மெல்லியனவாக நிற்கவேண்டிய கோடுகளைச் சிறிது நேரத்தில் பூச்சினால் மூடிவிட்டு, மீண்டும் தகட்டை உள்ளே இடுவார். நெடுநேரம் அரிபட்ட பள்ளங்கள் மிகுதியாக மை கொள்ளும், அவையே கருமேகங்களாகும். சீறும் அலையின் நுரைக்கோ ஊசி படுவதேயில்லை. அவ்வெண்மை வெறுந்தாளின் வெண்மையே. தகட்டில் வரைந்தது தாளில் இடவலமாக மாறும் என்பதையும் அவர் மறத்தலாகாது. மறந்தால், கிழக்கே ஓடவேண்டிய கப்பல் மேற்கே ஓடும்.

இக்கலையில் கைதேர்ந்தவருள் ஒருவர் லூடோல்ஃப் பாக்ஹெய்சன். ஆம்ஸ்டர்டாம் நகரில் வணிகரிடம் எழுத்தராக இருந்த அவர், இறகுப் பேனாவால் கப்பல்களை வரையத் தொடங்கினார். புயல் எழுந்தால் பிறர் கரை நோக்கி விரைவர். அவரோ படகேறிக் கடல் நோக்கிச் செல்வாராம். படகோட்டிகள் அஞ்சி, அவர் தடுத்தும் கேளாமல் படகைத் திருப்பிவிடுவார்களாம். கரையேறியதும், கண்ட காட்சி மனத்தினின்று மறையுமுன், எவரோடும் பேசாமல் வீடு சென்று வரைவார் என்று ஹௌப்ராக்கன் என்பவர் எழுதியுள்ளார். எழுபது வயதை எட்டிய பின், 1701-ஆம் ஆண்டில், பாக்ஹெய்சன் பத்துக் கடற்காட்சிகளைத் தம் கையாலேயே தகட்டில் பொறித்து வெளியிட்டார்.