முழங்கால் வலிக்கு முழு உடல் ஸ்கேன் எதற்கு?

பத்து வயதுப் பிள்ளைக்கு முழங்கால் வலி. விழவில்லை, அடிபடவில்லை, வாரக்கணக்கில் வலி விடவில்லை, ராத்திரியில் எழுந்து அழுகிறது. நம் ஊரில் மருத்துவர்கள் முதலில் எலும்புக் காசநோயையும் சீழ்த்தொற்றையும் புற்றுநோயையும் சந்தேகிப்பார்கள். அது சரியும்கூட. ஆனால் கிருமியே இல்லாமல் எலும்பில் அழற்சி உண்டாக்கும் ஒரு நோயும் குழந்தைகளுக்கு வருகிறது. ஆன்டிபயாடிக் அதைக் குணப்படுத்தாது. வலிப்பது முழங்காலில் மட்டும் என்றாலும், இடுப்பிலும் முதுகெலும்பிலும் அது சத்தமில்லாமல் இருக்கலாம். முதுகெலும்பில் கவனிக்காமல் விட்டால் எலும்பு நசுங்கிப்போகலாம்.

எக்ஸ்ரேயில் தொடக்கத்தில் இந்த நோய் தெரியாமல் போகலாம். அதனால்தான் முழு உடல் ஸ்கேன். முழு உடல் எம்ஆர்ஐ உச்சி முதல் பாதம் வரை பகுதி பகுதியாகப் படமெடுத்து இணைக்கிறது. கொழுப்பு கறுப்பாக அடங்கிவிட, நீர்கோத்த எலும்பு வெள்ளையாகத் துலங்கும். நிணநீர்ப் புற்றுநோயின் பரவலை அறியவும், காரணம் பிடிபடாத காய்ச்சலுக்கும் இது உதவுகிறது. லீ-ஃப்ராமெனி என்ற பரம்பரைப் புற்றுநோய்க் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் எடுக்கிறார்கள். சிடி ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு; இதில் கிடையாது. வளரும் உடலுக்கு இது பெரிய விஷயம்.

முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். உள்ளே தடதடவென்று சத்தம். சின்னக் குழந்தைகளுக்கு மயக்கமருந்து தேவைப்படும். அப்படியானால் மருத்துவர் சொன்ன நேரத்திலிருந்து வெறும் வயிறு கட்டாயம். அரைஞாண், தாயத்து, கொலுசு, ஊக்கு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

துணைக்கு உள்ளே போகிறவரும் உலோகம் எதையும் கொண்டுபோகக் கூடாது. சென்னையில் திருவொற்றியூர், எண்ணூர் பட்டறைகளில் கிரைண்டிங், வெல்டிங் வேலை செய்யும் அப்பாக்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் விழுந்திருந்தால், எடுத்தாயிற்று என்றாலும், டெக்னீஷியனிடம் சொல்ல வேண்டும். மிச்சமிருக்கும் துகளை எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தம் அசைத்தால் பார்வையே போகலாம். ஸ்கேன் ஓடாதபோதும் அந்தக் காந்தம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போன நோயாளியின் உறவினர் ஒருவரை அந்தக் காந்தம் இழுத்துக்கொண்டதில் அவர் உயிரிழந்தார்.

நலமாக உள்ள பிள்ளைக்கு 'எதற்கும் பார்த்துவிடுவோம்' என்று எடுக்கும் செக்கப் அல்ல இது. தீங்கற்ற சின்னக் கட்டி ஒன்று தென்பட்டாலும் அடுத்தடுத்த பரிசோதனைகளும் பயமும்தான் மிச்சம். நுரையீரலின் நுண்ணிய கட்டிகளுக்கு இன்னமும் சிடிதான் மேல். தனியார் மையத்தில் பணம் கட்டும் முன் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலோ காட்டுங்கள். எந்த நோயைத் தேடி எடுக்கச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். ஸ்கேன் தேவையா என்பதையே அவற்றை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.