அறுந்த நூலின் முனையைப் பாருங்கள்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல். சித்திரை வெயிலிலும் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் ஊர். பழனி மலையின் மேல் வாழ்பவர்களுக்குக் கனமான போர்வை ஆண்டு முழுவதும் வேண்டிய பொருள். அதை வீட்டுத் தையல் மெஷினிலேயே தைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை ஒருவருக்கு வந்தால் அதில் வியப்பில்லை. மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி: இதுதான் குயில்ட். மூன்றையும் சேர்த்துப் பிடித்துக் கொடி, பூ, அலை என்று மனம் போன வழியில் தையல் ஓட்டுவதற்கு ஃப்ரீ மோஷன் குயில்டிங் என்று பெயர். புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் பாதியிலேயே விட்டுவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு: நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

அறுந்தவுடன் கை நேராக டென்ஷன் திருகுக்குப் போகிறது. அதைக் கொஞ்சம் தளர்த்துவது, பிறகு இறுக்குவது, மறுபடி தளர்த்துவது. கடைசியில் நூலும் அறுகிறது, நன்றாக இருந்த டென்ஷனும் கெட்டுப்போகிறது. திருகைத் தொடுவதற்கு முன் அறுந்த நூலின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். காரணத்தை அந்த முனையே பெரும்பாலும் காட்டிவிடும்.

மெஷினுக்குள் நடப்பதை அறிந்தால் இது விளங்கும். சாதாரணத் தையலில் துணியை நகர்த்துவது ஊசிக்கு அடியில் இருக்கும் பல். ஊசி துணியை விட்டு மேலே வந்த பிறகுதான் அது துணியைத் தள்ளும். ஃப்ரீ மோஷனில் அந்தப் பல்லை இறக்கிவிடுகிறோம், அல்லது தகடு போட்டு மூடிவிடுகிறோம். துணியை அழுத்திப் பிடிக்கும் வழக்கமான புட்டைக் கழற்றி, துள்ளித் துள்ளி இறங்கும் டார்னிங் புட்டை மாட்டுகிறோம். துணியை நகர்த்தும் பொறுப்பு முழுவதும் நம் கைக்கு வந்துவிடுகிறது. வளையத்தில் துணியைப் பூட்டி மெஷின் எம்ப்ராய்டரி போடும் நம்மூர்த் தையல்காரர்கள் காலங்காலமாகச் செய்வதும் இதே வேலைதான். ஆனால் அவர்களுடைய ஊசி ஒற்றைத் துணியில் இறங்குகிறது. குயில்ட்டில் மூன்று அடுக்கைத் துளைத்துப் போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு தையலுக்குத் தேவைப்படுவது சில மில்லிமீட்டர் நூல். ஆனால் ஒவ்வொரு முறையும் ஷட்டிலின் கொக்கி, பாபினைச் சுற்றி வளைக்கும் அளவுக்குப் பல சென்டிமீட்டர் நூலைக் கீழே இழுக்கிறது. டேக்-அப் லிவர் அதைத் திரும்ப மேலே தூக்குகிறது. அதனால் நூலின் ஒரே இடம் துணியில் நிலைகொள்வதற்கு முன் ஊசிக் கண்ணுக்குள் பல தடவை ஏறி இறங்கிவிடும். கண் சின்னதாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் நூலின் கதி என்னவாகும்?

முனை பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தால் குற்றவாளி அநேகமாக ஊசிதான். எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்பது குயில்ட் தைப்பவர்களிடையே வழங்கும் கணக்கு. ஒடிந்தால்தான் மாற்றுவது என்ற நம் வீட்டு வழக்கம் இங்கே உதவாது. இதில் கொடைக்கானலுக்கென்று தனிச் சங்கடம் ஒன்று இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி சன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும். மெஷினில் மாட்டியபடியே விட்ட ஊசியில் அந்த ஈரம் துருவை வைக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு துரு இருந்தாலும் போதும், நூலை அரம்போல அராவிவிடும். ஆகவே முதல் வைத்தியம் புது ஊசி. மெல்லிய துணிக்குப் போடும் 11 எண் ஊசி குயில்ட்டுக்குப் பத்தாது. 14 போட வேண்டும், தடித்த நூலானால் 16. நீளமான கண்ணுள்ள டாப்ஸ்டிச் ஊசி கிடைத்தால் இன்னும் நல்லது. ஊசித் தண்டின் தட்டைப் பக்கம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். அது திரும்பியிருந்தாலும் நூல் அறும்.

கத்தியால் நறுக்கியதுபோல் முனை இருந்தால் எங்கோ ஒரு கூர்மையான விளிம்பு இருக்கிறது என்று பொருள். ஊசி எப்போதாவது வளைந்து அடித்தட்டில் குத்தியிருந்தால் தட்டின் துளையோரம் பிசிறு எழும்பியிருக்கும். விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும். மிக நைசான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் சரியாகும். அடங்காவிட்டால் தட்டையே மாற்ற வேண்டும்.

முனை சுருண்டு, வெடுக்கென்று பிடுங்கியதுபோல் இருந்தால்தான் இழுப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் டென்ஷனுக்கு முன்னால் கையைச் சந்தேகிப்பது நல்லது. மெஷின் நிதானமாக ஓட, கை அவசரப்பட்டால் துணிக்குள் இருக்கும் ஊசி வளைகிறது, நூல் விசையோடு இழுபடுகிறது. வளைவுகளில் திரும்பும்போது நூல் அதிகம் அறுவது இதனால்தான். மெஷினைச் சற்று வேகமாகவும் கையை மெதுவாகவும் ஓட்டிப் பழக வேண்டும். அதற்குப் பிறகும் அறுந்தால் மேல்நூல் டென்ஷனை ஒரு எண் குறைக்கலாம்.

நூலைப் பற்றிச் சொல்லும்போது மலைக்குக் கீழே இருக்கும் சமவெளியை மறக்க முடியாது. 1892-இல் ஹார்வி சகோதரர்கள் மதுரையில் தொடங்கிய ஆலை, 1974-இல் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. தமிழ்நாட்டுத் தையல் பெட்டிகளில் அந்தப் பெயர் பல தலைமுறைகளாக இருக்கிறது. நல்ல நூலும் வருடக்கணக்கில் வெயில் படும் அலமாரியில் கிடந்தால் இற்றுப்போகும். ஒரு முழம் இழுத்துச் சுண்டிப் பார்த்து, சட்டென்று அறுந்தால் அந்த நூலைப் பிறகு பிரித்துவிடும் கைத்தையலுக்கு ஒதுக்கிவிடலாம். கடையில் வாங்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நூலின் டிக்கெட் எண் ஏற ஏற நூல் மெலியும், ஊசியிலோ எண் ஏற ஏற ஊசி தடிக்கும். நூல்கண்டில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய நூல் கண்டின் தலை வழியாக உருவி வர வேண்டும். அடுக்கடுக்காக நேரே சுற்றிய நூல், கண்டு சுழலச் சுழலப் பக்கவாட்டில் பிரிய வேண்டும். மாற்றிப் போட்டால் முறுக்கேறிச் சிக்கும்.

பஞ்சும் கவனிக்க வேண்டிய விஷயம். தேனி மாவட்டத்துப் போடியிலிருந்து வரும் இலவம் பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் அருமையானது. ஆனால் வழுவழுப்பான குட்டை இழை என்பதால் குயில்ட்டுக்குள் விரிப்பாக நிற்காது. ஊசித் துளை வழியே கசிந்து பாபின் அறைக்குள் போய் அடையும். குயில்ட்டுக்கென்று விரிப்பாக விற்கும் பருத்தி அல்லது பாலியெஸ்டர் பஞ்சையே வாங்க வேண்டும். அதிலும் தூசு வரும். ஒவ்வொரு பாபின் மாற்றும்போதும் சின்னத் தூரிகையால் துடைத்தால் போதும்.

மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சமவெளியில் அது எப்படியோ ஒப்பேறிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கொடைக்கானலில் அந்த வெப்பம் வருவதே அரிது. உறைந்த எண்ணெயும் தூசும் சேர்ந்து ஷட்டிலைப் பிடித்துக்கொள்ள, நூல் திணறி அறுகிறது. மெஷினுக்கென்று விற்கும் தெளிந்த எண்ணெயைத் தவிர வேறு எதையும் விடவே கூடாது. அதுகூடக் குளிர்ந்த காலையில் சற்றுக் கெட்டிப்படும். நூல் கோக்காமல் இரண்டு நிமிடம் மெஷினை வெறுமனே ஓட்டிவிட்டுத் தைக்கத் தொடங்கலாம்.

இத்தனை பாடுபட வேண்டுமா என்று கேட்கலாம். வங்காளத்துக் காந்தா, பீகாரின் சுஜனி, கர்நாடகச் சித்தி மக்களின் கவந்தி எல்லாம் கையால் தைத்தவையே. மெஷினில் தைத்தது குயில்ட் ஆகுமா என்ற வழக்கு அமெரிக்காவிலும் நீண்ட நாள் நடந்தது. 1989-இல் கென்டக்கி மாநிலத்துப் படூகா நகரில் நடந்த பெரிய போட்டியில், மெஷினில் தைத்த கேரில் பிரையர் ஃபாலர்ட்டின் குயில்ட் முதற்பரிசு பெற்றது. அதன் பிறகு அந்த வழக்கின் வேகம் தணிந்தது. 2019 ஜனவரியில் சென்னையில் இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது. நம்மிடமும் இந்தக் கலைக்கு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

ஊசி, நூல், கை, எண்ணெய் எல்லாம் சரியாக இருந்தும் நூல் அறுந்தால் ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரம் பிசகியிருக்கலாம். அதை வீட்டில் பிரித்துப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். மலையில் இருப்பவர்கள் அதை ஐப்பசி மழைக்கு முன்பே செய்துவிடுங்கள். தைக்காத நாட்களில் ஊசியைக் கழற்றி எண்ணெய் தடவிய துணியில் குத்தி வையுங்கள்.