தண்ணீர் குடிக்கும் சேலை

கோவில்பட்டிப் பக்கம் கோடையில் கரிசலுக்குள் நடந்தால் காலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கை நுழையும் அகலத்துக்கு நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இதே நிலம் ஐப்பசி மழையில் உப்பிப் பிசினாகிச் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் வகை செய்யும் வேலை இது. ஏடு ஏடாக அடுக்கிய அதன் துகள்களுக்கு நடுவே நீர் புகுந்தால் மண் வீங்கும். நீர் போனால் சுருங்கி வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத்தான் அடுத்த மழை ஆழத்துக்கு இறங்குகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் இந்த வட்டாரத்தில், கார்த்திகையோடு மழை விடைபெற்ற பிறகும் பருத்தி நிற்பது இந்தச் சேமிப்பை நம்பித்தான்.

நீரைப் பிடித்துவைக்கும் இந்தக் குணம் அந்த மண்ணில் விளையும் பருத்தி நாருக்கும் உண்டு. சேலை திரும்பி வந்த கதைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

நைலக்ஸும் பாலியெஸ்டரும் வந்தபோது நம் அம்மாக்கள் நூல்சேலையைக் கைவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கஞ்சி போட வேண்டாம், இஸ்திரி வேண்டாம், துவைத்துக் கொடியில் போட்டால் அரைமணியில் காய்ந்துவிடும். காட்டு வேலையும் வீட்டு வேலையும் சேர்ந்து கிடந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. இன்று அவர்களுடைய மகள்களும் பேத்திகளும் நூல்சேலையைத் தேடிப் போகிறார்கள். 2015இல் பெங்களூருவில் அஞ்சு மௌட்கல் கதம், அலி மாத்தன் என்ற இரு தோழிகள் அந்த ஆண்டில் நூறு நாள் சேலை கட்டுவது என்று தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். கட்டிய சேலையின் கதையைப் படத்தோடு இணையத்தில் எழுதப் போக, நாடு முழுவதும் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். சேலை கட்டாயம் இல்லை என்று ஆன பிறகுதான் அதன்மேல் ஆசை வந்தது என்று எனக்குத் தோன்றும்.

அரைமணியில் காய்ந்த அந்தப் பாலியெஸ்டர் சேலை சித்திரை வெயிலில் ஏன் அடுப்பாக மாறியது? இரண்டுக்கும் ஒரே காரணம்தான். பருத்தி என்பது பெரும்பாலும் செல்லுலோஸ். அதன் மூலக்கூறுச் சங்கிலி நெடுக இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைக்கும். பாலியெஸ்டர் இழையில் அப்படிப் பிடிக்கக் கைகள் இல்லை. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது, 100 கிராம் உலர்ந்த பருத்தி சுமார் 8.5 கிராம் நீரை உறிஞ்சி வைத்திருக்கும்; பாலியெஸ்டர் 0.4 கிராம்தான். அரைக்கிலோ நூல்சேலை ஒன்று, காய்ந்துவிட்டது என்று நாம் மடித்து வைக்கும்போதே, 40 மில்லி நீரைத் தனக்குள் வைத்திருக்கிறது. வியர்வையையும் அப்படியே வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கிறது.

நாரின் பிறப்பும் விசித்திரம். ஒவ்வொரு பஞ்சிழையும் விதைத்தோலின் ஒரே ஒரு செல். அகலத்தைப் போல ஆயிரம் மடங்கு நீளம் வளர்ந்து, காய் வெடித்ததும் உள்நீர் வற்றிச் சப்பையாகி ரிப்பன்போல முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு இருப்பதால்தான் நூற்கும்போது இழைகள் ஒன்றையொன்று விடாமல் பிடிக்கின்றன. புதிதாகக் கட்டப் பழகும் பெண்களுக்கு வழவழப்பான சிந்தெடிக்கைவிட நூல்சேலையில் கொசுவம் நழுவாமல் நிற்பதற்குக் காரணம் உராய்வு. முந்தானைக்கு வேறு கணக்கு. பாவு, ஊடை இரண்டின் போக்கிலும் இழுத்தால் துணி அவ்வளவாக நீளாது; மூலைவாட்டில் இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். முந்தானை உடம்பின் குறுக்கே சாய்ந்து தோளேறுவதால், ஒரு தையலும் இல்லாமல் வளைவுக்கு ஏற்றபடி படிந்துகொள்கிறது. தையற்காரர்கள் கத்தரித்துத் தைத்து வரவைப்பதைச் சேலை சும்மாவே செய்துவிடுகிறது.

எனக்கு ஆதங்கம் வேறொன்றில். இந்தக் கரிசலின் சொந்தப் பருத்தி கருங்கண்ணி. அமெரிக்க வகைக்கு 52 குரோமோசோம் என்றால் இதற்கு 26. ஆழ வேர்விட்டு மானாவாரியாகவே விளையும். 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இதிலிருந்து ‘கே’ வரிசை ரகங்களை உருவாக்கியது. ஆனால் இழை குட்டை, ஓர் அங்குலத்தை ஒட்டித்தான். வேகமாகச் சுழலும் மில் கதிர்களுக்கு நீள இழைதான் தோது என்பதால் சந்தை கருங்கண்ணியை ஒதுக்கியது. 2002இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான். மழையை மட்டும் நம்பும் உழவருக்கு அந்த விதையும் மருந்தும் உரமும் பெருஞ்செலவு. சென்னையின் ‘துலா’ போன்ற சில முயற்சிகள் கருங்கண்ணியை இயற்கை முறையில் விளைவித்துக் கையால் நெய்ய வைக்கின்றன. அளவு சிறிதுதான்.

ஆக, கரிசல் பெண் ஆசையாக வாங்கும் நூல்சேலையில் கரிசல் பஞ்சு இருக்க வாய்ப்பு குறைவு. அடுத்த முறை சேலை வாங்கினால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கருமணியாக இறுகும். பருத்திதான் என்று தெரிந்தால், எந்த ஊர்ப் பஞ்சு என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது. இருந்தாலும் கேட்டு வையுங்கள்.