கம்ப்யூட்டர் போட்ட கிரேடு!

கேம்பஸ் மக்களே, ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசிச்சுப் பாருங்க. ப்ளஸ் டூ பரீட்சை ரத்து. உங்க கெமிஸ்ட்ரி சார், 'இவன் நிச்சயம் ஏ கிரேடு வாங்குவான்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ரிசல்ட் அன்னிக்கு கம்ப்யூட்டர் 'சி' என்கிறது. ஏன்னு கேட்டா, உங்க ஸ்கூல்ல படிச்ச சீனியர்கள் சுமாராத்தான் வாங்கினாங்களாம்! கடுப்பாகுமா, ஆகாதா?

2020 ஆகஸ்ட் 13 அன்று இங்கிலாந்து மாணவர்களுக்கு நிஜமாவே இந்த கதிதான். அங்கே 'ஏ லெவல்' என்பது நம்ம ப்ளஸ் டூ மாதிரி. அந்த கிரேடை வைத்துத்தான் யுனிவர்சிட்டி சீட்.

கொரோனாவால் அந்த மார்ச்சிலேயே தேர்வுகள் ரத்தாகிவிட்டன. ஆசிரியர்களே கிரேடு போட்டால் அள்ளி வீசிடுவாங்களோன்னு அரசுக்கு பயம். அதனால் கல்வி அமைச்சர் கேவின் வில்லியம்சனிடமிருந்து, தேர்வுகளைக் கண்காணிக்கும் 'ஆஃப்குவால்' அமைப்புக்கு மார்ச் 31-ல் ஒரு உத்தரவு போனது. முடிந்தவரை முந்தைய வருஷங்கள் மாதிரியே கிரேடுகளின் விகிதம் இருக்கணும். இந்த உத்தரவைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

ஆஃப்குவால் ஒரு அல்காரிதம் தயாரித்தது. ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கிரேடு கொடுக்கணும். கூடவே, பாடவாரியாக முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை ரேங்க் போடணும். அல்காரிதம் என்ன பண்ணுச்சுன்னா, அதே பாடத்தில் அந்தப் பள்ளி 2017 முதல் 2019 வரை எத்தனை ஏ, எத்தனை பி வாங்கியதுன்னு பார்த்தது. இந்த பேட்ச் முந்தைய பொதுத்தேர்வில் எப்படின்னு பார்த்து அதைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தது. அப்புறம் ரேங்க் வரிசைப்படி கிரேடுகளைப் பங்கு போட்டுவிட்டது. பெரிய வகுப்புகளில் ஆசிரியர் போட்ட கிரேடு கணக்கிலேயே வரலை!

ஆனா ஒரு பாடத்தில் 5 பேரோ, அதற்கும் குறைவாகவோ இருந்தால் ஆசிரியர் போட்டதே ஃபைனல். சின்ன எண்ணிக்கையை வைத்துப் புள்ளியியல் பேச முடியாது என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனா அஞ்சே பேர் உட்காரும் வகுப்பு அதிகமா எங்கே இருக்கும்? ஃபீஸ் கட்டிப் படிக்கிற தனியார் பள்ளியில்! அங்கே ஏ, ஏ ஸ்டார் விகிதம் முந்தைய ஆண்டைவிட 4.7 புள்ளி ஏறியது. சாதாரண அரசுப் பள்ளிகளில் 2 புள்ளிதான். 'பணக்காரப் பசங்களை ஏத்திவிடு' என்று யாரும் ப்ரோக்ராம் எழுதவில்லை. ஆனாலும் அப்படித்தான் வந்து விழுந்தது. மொத்தத்தில், ஆசிரியர்கள் கொடுத்த கிரேடுகளில் சுமார் 39 சதவிகிதம் கீழே இறங்கிவிட்டன.

முன்கூட்டியே யாரும் எச்சரிக்கலையா? உதவிக்கு வர்றோம்னு ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டி முன்வந்தது. 'வெளியே பேச மாட்டோம்னு கையெழுத்துப் போடணும்' என்றதும் ஒதுங்கிவிட்டது. அல்காரிதத்தை விளக்கும் 319 பக்க அறிக்கை வெளிவந்தது எந்த நாள் தெரியுமா? ரிசல்ட் வந்த அதே நாள்!

பசங்க விடலையே... லண்டனில் கல்வித்துறை அலுவலகம் முன்னாடி திரண்டுட்டாங்க. கையில் அட்டை, வாயில் அல்காரிதத்தைத் திட்டும் கோஷம். (அதில் முதல் வார்த்தையை அச்சில் ஏற்ற முடியாது!) ஸ்காட்லாந்தில் இதே மாதிரி கிரேடு குறைப்பை ஆகஸ்ட் 11-லேயே வாபஸ் வாங்கியிருந்தாங்க. இங்கிலாந்து ஆகஸ்ட் 17-ல் பணிந்தது. ஆசிரியர் போட்டது, அல்காரிதம் போட்டது... எது அதிகமோ அது உங்களுக்கு!

அதற்குள் 4 நாள் ஓடிப்போச்சே? சீட் கைவிட்டுப் போன பலர், கிடைத்த வேறு கோர்ஸுக்கு சரின்னு சொல்லிவிட்டிருந்தார்கள். சில யுனிவர்சிட்டிகள், 'இடம் நிறைஞ்சுடுச்சு, அடுத்த வருஷம் வாங்க' என்றன.

ஆஃப்குவால் தலைவர் ராஜினாமா செய்தார். பிரதமர் போரிஸ் ஜான்சனோ, பழியைத் தூக்கி 'மியூட்டன்ட் அல்காரிதம்' மேல் போட்டார். மார்ச் 31 உத்தரவு ஞாபகம் இருக்கா? பாவம் அந்த அல்காரிதம், சொன்ன வேலையை அச்சு பிசகாமல் செய்தது. சொன்னது யார்ங்கறதுதான் கேள்வி.

2021-ல் நம்ம சி.பி.எஸ்.இ.யும் ப்ளஸ் டூ தேர்வை ரத்து செய்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்குகளை 30:30:40 என்று சேர்த்தார்கள். பள்ளியின் முந்தைய 3 வருஷங்களில் பெஸ்ட் ரிசல்ட் இங்கேயும் அளவுகோல்தான். ஆனா ஃபார்முலாவை ஜூன் மாதமே சுப்ரீம் கோர்ட்டில் வைத்துவிட்டார்கள், ரிசல்ட் வந்தது ஜூலை 30-ல். மார்க் பிடிக்காதவங்க அப்புறம் பரீட்சை எழுதிக்கவும் வழி இருந்தது.

இங்கிலாந்தில் அந்த வருஷமும் தேர்வு நடக்கலை. ஜனவரி 6-ல் பார்லிமென்டில் ஒருத்தர் எழுந்து, இந்த முறை அல்காரிதம் கிடையாது, ஆசிரியர்களைத்தான் நம்பப் போறோம்னு அறிவிச்சார். யார்னு கேட்கறீங்களா? அதே கேவின் வில்லியம்சன்!